வெள்ளம் வேணோ?

ஜூலை மாத மதுரைக்கு ஒரு விசேஷம் உண்டு. வானத்தில் மேகம் இருக்கும். காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். கொடியில் காயப் போட்ட பனியன் பக்கத்து வீட்டு மாடிக்குக் குடிபோய்விடும். ஆனால், மழை மட்டும் வராது. 'சம்பளம் வந்ததும் தந்துடறேன்' என்று சொல்லிவிட்டு நம் கண் முன்னாலேயே தெருவைக் கடந்து போகும் கடன்காரன் மாதிரி, மேகமெல்லாம் மேற்கேயிருந்து கிழக்கே போய்க்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம், விளாங்குடி டீக்கடையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ளே, கொச்சில நேத்து பூரா மழையாம்டா!" என்றான் ஒருத்தன்.

"அப்ப போயிருவோம்" என்றேன் நான். அவ்வளவுதான். கடை பேப்பரின் ஓரத்திலேயே ப்ளான் ரெடி. எங்கள் ஆபீஸில் ரெண்டாவது சனிக்கிழமை லீவு. சனி விடியற்காலை கிளம்பினால், திங்கள் விடியற்காலை வீடு. ஒரு நாள் கேஷுவல் லீவுகூட வேண்டாம். மானேஜரிடம் பல்லிளிக்கும் வேலை மிச்சம்!

டூர் என்பது நாலு பேர் ப்ளான் போட்டு, மூணு பேர் வராமல் போகும் ஒரு சமாச்சாரம். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதன்கிழமை ஒருத்தனுக்கு மச்சினிச்சி நிச்சயதார்த்தம் முளைத்தது. வியாழக்கிழமை இன்னொருத்தனுக்கு ஆபீஸில் ஆடிட். வெள்ளிக்கிழமை மூணாமவன் போன் பண்ணி, "மாப்ளே, மழையில நனைஞ்சா எனக்குச் சளி பிடிக்கும்டா" என்றான். மழை பார்க்கப் போகிறவன் சொல்கிற காரணமா சார் இது?

ராத்திரி சாப்பிடும்போது சலித்துக்கொண்டேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கம்பம், கூடலூர் வழியாத்தான போகணும்?"

"ஆமாப்பா."

"அப்ப நான் வர்றேன்."

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. அவர் ஊர் விட்டு ஊர் போவதென்றால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் காரியம். டூர் என்று போனதே கிடையாது.

*

போவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

ஜூன் 1-ந் தேதி வாக்கில் தென்மேற்குப் பருவமழை கேரளாவில் இறங்கும். கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, கொண்டுவந்ததையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடும். காலிப் பையோடு மலையைத் தாண்டி நம் பக்கம் வரும். சாப்பாடு அங்கே, ஏப்பம் இங்கே. அந்த ஏப்பத்துக்குத்தான் நாம் ஆடிக் காற்று என்று பெயர் வைத்திருக்கிறோம்!

மதுரைக்கு வருஷம் முழுக்க சுமார் 850 மில்லி மீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை வாக்கில். கொச்சியில் ஜூன், ஜூலை இரண்டு மாதத்திலேயே அதற்கு மேல் பெய்துவிடும்.

போக மூணு வழி. அம்ரிதா எக்ஸ்பிரஸில் ஏறி பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக எர்ணாகுளம் போகலாம். போடி மெட்டு, மூணார் வழியாகவும் ரோடு உண்டு. அழகுதான். ஆனால், அடைமழை நாளில் மண் சரிந்தால் அழகு அங்கேயே நிறுத்தி வைத்துவிடும். மூணாவது, தேனி, கம்பம், குமுளி, கோட்டயம் வழி. அப்பா கேட்டது இதைத்தான்.

கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். மஞ்சள் என்றால் குடை, ஆரஞ்சு என்றால் யோசனை, சிவப்பு என்றால் வீட்டில் பஜ்ஜி. விளையாட்டில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையத்தையே ரெண்டு வாரம் மூடி வைத்திருந்தார்கள்.

அப்புறம் மூட்டை. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் அடுத்த அமாவாசைக்குத்தான் காயும். ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். பனியன், ஜட்டி, துண்டு எல்லாம் ரெண்டு செட் கூடுதலாக. எல்லாவற்றையும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அப்புறம் பெரிய பைக்குள் வையுங்கள்.

குடை? எங்கள் வீட்டில் ஒரே ஒரு குடை. அது வெயிலுக்கு வாங்கினது. மழையைப் பார்த்தே அதற்குப் பழக்கமில்லை.

*

சனிக்கிழமை காலை நாலு மணி, ஆரப்பாளையம். அப்பா வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டோடு ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டார்.

விளாங்குடியை 2011-ல்தான் மதுரை மாநகராட்சியில் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் பேரூராட்சி. அதற்கும் ரொம்ப முன்னால் அப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் இருந்தது. கிணற்றுப் பாசனம். "வைகையில தண்ணி வந்தா நம்ம கிணத்துல நாலு படி ஏறும்" என்பார். ஆற்றில் தண்ணீர் வருவது குறைந்தது, கிணற்றுப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, ஒரு நாள் நிலத்தில் கல் நட்டு மனை பிரித்தார்கள். என்னைப் படிக்க வைத்த பணம் அது. இப்போது நாங்கள் குடியிருக்கும் வீடும் அதிலே ஒரு மனைதான். கிணறு இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கார் நிற்கிறது. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

தேனி தாண்டியதும் பொழுது விடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கு பூரா பச்சை. அப்பா முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தார். "பாரு, நெல்லு... பாரு, திராட்சை... பாரு, வாய்க்கால் நிறையத் தண்ணி!"

லோயர் கேம்ப் வந்தது. பஸ் மலை ஏறத் திரும்பும்போது, மேலேயிருந்து கீழே வரைக்கும் நாலு பெரிய குழாய்கள் மலைச் சரிவோடு இறங்குவது தெரிந்தது.

"அதுதான?" என்றார் அப்பா.

அதுதான். முல்லைப் பெரியாறு தண்ணீர். மேற்கே போய் அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாற்றை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து சுமார் ஒன்றே முக்கால் கிலோ மீட்டர் சுரங்கம் வெட்டி, கிழக்கே திருப்பிவிட்டவர் பென்னி குயிக். அணை திறந்தது 1895-ல். அந்தத் தண்ணீர்தான் குழாயில் இறங்கி, மின்சாரம் எடுத்துக்கொடுத்து, முல்லையாற்றில் ஓடி, வைகையில் சேர்ந்து நம் பக்கம் வருகிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மீசைக்கார வெள்ளைக்காரர் படம் தொங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபமே திறந்துவிட்டார்கள்.

அப்பா எழுந்து நின்றார். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு கும்பிடு.

"பெரியவரே, கோயில் எதுவும் இல்ல, உக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"இருக்கு தம்பி" என்றார் அப்பா.

*

குமுளியில் பஸ் மாறினோம். அந்தப் பக்கம் இறங்கிய பத்தாவது நிமிஷம் பிடித்தது மழை. சும்மா தூறல் இல்லை. வானத்துக்கும் பூமிக்கும் நடுவே பாய் விரித்த மாதிரி மழை.

நாங்கள் ஏறிய கேரள பஸ் ஜன்னலில் கண்ணாடி கிடையாது, ஷட்டர்தான். மழை வந்ததும் 'பட் பட்'டென்று எல்லோரும் இறக்கிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் பட்டப்பகலில் மேட்னி ஷோ இருட்டு. ஒரே ஒரு ஷட்டர் மட்டும் இறங்கவில்லை. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

"சேட்டா, ஷட்டர்!" என்றார் பின் சீட்டுக்காரர்.

"இருப்பா, கொஞ்ச நேரம்" என்றார் அப்பா. சட்டை, வேட்டி, துண்டு எல்லாம் தொப்பல். எனக்கோ மானம் போகிறது. பின் சீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "எவிடுன்னா?" என்றார். "மதுரை" என்றேன். ஐந்து நிமிஷம் எதுவும் பேசாமல் நனைந்துகொண்டே வந்தார். மதுரை என்றால் அங்கேயும் புரிகிறது!

எர்ணாகுளம் போய்ச் சேர மூணு மணி. ஹோட்டலில் மீன் குழம்புச் சாப்பாடு. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை கேரளாவில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. மீன் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். டம்ளரில் ரோஸ் கலரில் சுடுதண்ணீர் வைத்தார்கள். "ஏன்டா, சாயத் தண்ணியக் குடுக்குறாங்க?" என்று அப்பா காதைக் கடித்தார். பதிமுகம் என்ற மரத்தின் கட்டையைப் போட்டுக் காய்ச்சுகிற தண்ணீர் என்று சொல்லி முடிப்பதற்குள் சர்வர் வந்தார்.

"வெள்ளம் வேணோ?"

அப்பா சட்டென்று காலைத் தூக்கி பெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். "எங்கடா வெள்ளம்?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் என்று நான் விளக்கியதும் ரொம்ப நேரம் யோசித்தார். "குடிக்கிற தண்ணிக்கே வெள்ளம்னு பேரு வச்சிருக்கான் பாரு... குடுத்து வச்சவன்டா!"

சாயங்காலம் சும்மா தெருவில் நடந்தோம். மழை கொட்டுகிறது, யாரும் ஓடவில்லை! நம் ஊரில் நாலு தூறல் விழுந்தால் ரோடே காலியாகிவிடும். அவர்கள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், கடனுக்குப் பேரம் பேசுகிறார்கள், காதலிக்கிறார்கள். நமக்குத் தீபாவளிக்கு ஜவுளி விளம்பரம் மாதிரி, அங்கே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் குடை விளம்பரம். எங்கள் வெயில் குடை ரெண்டாவது காற்றிலேயே பூவாய் மலர்ந்து கம்பியை நீட்டிவிட்டது.

*

ஞாயிறு காலை எர்ணாகுளம் ஜெட்டியில் அரசு படகு ஏறினோம். ஃபோர்ட் கொச்சிக்கு டிக்கெட் சில்லறைக் காசுதான். ஸ்டைலாகப் போக ஆசைப்பட்டால் 2023-ல் ஆரம்பித்த வாட்டர் மெட்ரோ இருக்கிறது. ஏ.சி. படகு. ஆனால், சாரல் மேலே படாது, அப்புறம் எதற்கு மழைக்காலத்தில் போவது?

கரையோரம் சீன வலைகள். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் கட்டித் தொங்கும் பின்பக்கம் இறங்க, முன்னால் வலை தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறது. நான் போட்டோ எடுப்பதற்குள் அப்பா கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "நம்ம ஏத்தம்தான்டா இது! நாம தண்ணி இறைச்சோம், இவங்க மீன் இறைக்கிறாங்க."

ஊர் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு. 1568-ல் கட்டிய யூதர் கோயிலைச் சனிக்கிழமை பார்க்க முடியாது. ஆகவே, வீக் எண்டில் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் தோது. புனித பிரான்சிஸ் சர்ச்சில், 1524-ல் இறந்த வாஸ்கோட காமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. உடம்பை 1539-ல் போர்ச்சுக்கலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். "ஆளு காலி பண்ணிட்டாரு, அட்ரஸ் மட்டும் இருக்கு" என்றார் அப்பா.

திரும்பி வரும் படகில் பக்கத்தில் ஒரு பெரியவர். ஆலுவாக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேச்சு ஓடியது. "மழை பார்க்க வந்தோம்" என்று அப்பா சொன்னதும் முதலில் சிரித்தார். அப்புறம் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். 2018-ல் பெரியாறு அவர் வீட்டுக்குள் அவ்வளவு உயரத்துக்கு வந்ததாம். பெட்டி, படுக்கை, பேத்தியின் புத்தகம் எல்லாம் போச்சு.

"எந்த ஆறு?" என்றார் அப்பா.

"பெரியாறு."

அப்பா என்னைப் பார்த்தார். அதே ஆறுதான். மலையில் ஒரு பங்கை நாம் திருப்பிக்கொண்டது போக, மிச்சமெல்லாம் இறங்கி ஆலுவா வழியாக இந்தக் கொச்சிப் பக்கம்தான் வந்து கடலில் சேருகிறது. அப்பா அந்தப் பெரியவரிடம், தன் கிணற்றில் தண்ணீர் இறங்கியதையும் நிலம் மனையானதையும் சொன்னார். என்னிடம்கூடச் சொல்லாத கதை. கேட்டுக்கொண்டே வந்த பெரியவர் ஜெட்டி வந்ததும் எழுந்தார்.

"நிங்களுக்குப் போதலை. எங்களுக்குத் தாங்கலை" என்று அப்பா கையைப் பிடித்து அழுத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. நேந்திரம்பழ பஜ்ஜியும் கட்டன் சாயாவும் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அந்தாளு வீட்டுல மறுபடி தண்ணி ஏறக்கூடாதுடா."

*

ராத்திரி பஸ் பிடித்து, திங்கள் விடியற்காலை விளாங்குடி. அம்மா ஈரத்துணி மூட்டையைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். ரெண்டு நாளாக ஃபேனுக்கு அடியில் போட்டும் காயாத வேட்டியை அப்பா மொட்டை மாடியில் கொண்டுபோய் உதறிப் போட்டார். நான் குளித்து, சாப்பிட்டு, ஆபீஸுக்குக் கிளம்புவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்து, அதையே கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வெயிலையும் சும்மா சொல்லக்கூடாதுடா" என்றார்.

சாயங்காலம் டீக்கடை. சளிப் பார்ட்டி, ஆடிட் பார்ட்டி, மச்சினிச்சி பார்ட்டி மூணு பேரும் ஆஜர். "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கட்டாயம் போறோம் மாப்ளே!" என்று பேப்பர் ஓரத்தில் மறுபடி ப்ளான் போட ஆரம்பித்தார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் குடை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறார்.