ஒரே பாட்டிக்கு மூன்று பெயர்கள்

பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமன் 2025 நவம்பரில் மறைந்தபோது, பலரும் அவரை நாராயண மூர்த்தியின் ஆசிரியர் என்றே நினைவுகூர்ந்தனர். மொழியியல் படித்த எனக்கு அவர் வேறு வழியில் அறிமுகமானவர். அந்தக் கடனை எழுதிவைக்க விரும்புகிறேன்.

இலங்கையிலிருந்து திரும்பி வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பேச்சுவழக்கே என் ஆய்வுப்பொருள். களப்பணி முடித்து மின்னி பே வீட்டுக்குத் திரும்பியபோது என்னிடம் 212 ஒலிக்கோப்புகளும் நான்கு குறிப்பேடுகளும் இருந்தன. ஒரு வினைவடிவத்தை எத்தனை பேர் ஆள்கிறார்கள் என்று நெறியாளர் கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. ஒரே பாட்டி ஒரு கோப்பில் பெயராலும், இன்னொன்றில் ‘லயத்துப் பாட்டி’ என்றும், மூன்றாவதில் வெறும் தேதியாகவும் பதிவாகியிருந்தார். அதற்குள் அவர் காலமாகியும்விட்டார்.

என் சித்தி எம்.சி.ஏ. படித்தவர். "மொதல்ல இதப் படிடா, அப்புறம் டேபிள் போடலாம்" என்று சொல்லி, ராஜாராமனின் ‘அனாலிசிஸ் அண்ட் டிசைன் ஆஃப் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்’ நூலைத் தந்தார். மாணவர் விடுதியின் கணக்குவழக்கு போன்ற எளிய எடுத்துக்காட்டுகளைக் கொண்ட நூல் அது. கணினியைத் தொடுமுன் சில வினாக்களுக்கு விடை காணச் சொல்கிறது: இத்தகவல் யாருக்கு வேண்டும், எம்முடிவை எடுக்க வேண்டும், ஒரு சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத்தான் குறிக்கிறதா. கடைசி வினா எங்கள் துறையினுடையது. அதை நான் ஒரு பொறியாளரிடம் கற்க நேர்ந்தது.

ராஜாராமன் 1933இல் ஈரோட்டில் பிறந்தவர். டெல்லியிலும் பெங்களூரிலும் பயின்று, எம்.ஐ.டி.யில் முதுகலையும் விஸ்கான்சினில் முனைவர் பட்டமும் பெற்று, கான்பூர் ஐ.ஐ.டி.க்குத் திரும்பினார். ஐ.பி.எம். 1620 கணினி 1963இல் அங்கு வந்தது. நாட்டின் முதல் கணினி அறிவியல் கல்வித் திட்டம் 1965இல் அங்கேதான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களுள் அவர் முதன்மையானவர். 1976இல் பட்நாகர் விருதும் 1998இல் பத்மபூஷணும் பெற்றார். 1982 முதல் இந்திய அறிவியல் கழகத்தில் மீக்கணினி மையத்தை வளர்த்தெடுத்தார். எம்.சி.ஏ. என்னும் பட்டமே அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் பிறந்தது. ஆக, சித்தியின் பிழைப்பும் அவர் தந்ததே.

என்னை அதிகம் ஈர்ப்பது அவருடைய பாடநூல்கள். 1969இல் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ எழுதியபோது, மாணவர் வாங்கக்கூடிய விலையில் அது அமைய வேண்டுமென்பதில் உறுதியாக இருந்தார். "பாடநூலெல்லாம் பிறகு, முதலில் கட்டுரை" என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் எனக்கு அறிவுரை சொன்னதுண்டு. நல்லெண்ணத்தில் சொன்னார், நானும் நெடுநாள் நம்பினேன். இன்று நம்பவில்லை. பட்நாகர் விருது பெற்ற ஒருவர் விடுதிக் கணக்கை விளக்க நேரம் ஒதுக்கியது அவருடைய ஆய்வுக்குக் குறுக்கே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அனுப்பவிருந்த கட்டுரையை நிறுத்திவைத்திருக்கிறேன். அதன் எண்ணிக்கைகள் பிழையானவை என்று இப்போது தெரியும். உதவித்தொகை முடிய எட்டு மாதங்களே உள்ளன. நெறியாளருக்கு இதில் மகிழ்ச்சியில்லை. சென்னையிலிருந்து கடலடி இழைவடம் 2020இல் வந்தபின் கோப்புகளை மேலேற்றுவதாவது எளிதாயிற்று. பேசுநருக்கு ஓர் எண், பதிவுக்கு ஓர் எண் என்று தொடக்கத்திலிருந்து மறுபடி அடுக்குகிறேன். 94 கோப்புகள் முடிந்துள்ளன. பாட்டிக்கு எண் 17. அவர் குரல் இதுவரை ஆறு கோப்புகளில் கிடைத்திருக்கிறது. மூன்று என்றுதான் எண்ணியிருந்தேன்.