சரளைச் சாலை கற்பித்த பாடம்

சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டி வந்த ஒருவர், டிசம்பர் விடுமுறையில் மனைவியுடனும் மகளுடனும் நியூசிலாந்தின் தென்தீவுக்குச் சென்றார். கிறைஸ்ட்சர்ச் நகரில் வாடகைக்குக் கார் எடுத்தார். அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்கின்றன. “நம் ஊரைப் போலத்தான் இருக்கிறது. இதில் என்ன சிரமம்?” என்றார் அவர்.

நகருக்குள் சிரமம் இல்லைதான். நகரைத் தாண்டியதும் வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டராக உயர்ந்தது. ஆனால், சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம் மட்டுமே இருந்தன. சில பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் செல்ல முடியும். பாலத்திற்கு முன் உள்ள பலகையில், நம் பக்கத்து அம்புக்குறி சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். மகள் ஒவ்வொரு பலகையையும் படித்துச் சொன்னாள்.

மறுநாள், டெக்கப்போ ஏரிக்கு அருகே தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் சாலை தொடங்கியது.

“அப்பா, மெதுவாகப் போங்கள்.”

“பயப்படாதே அம்மா, அப்பாவுக்கு இருபது வருட அனுபவம்!”

அடுத்த வளைவில் சக்கரங்கள் வழுக்கின. அவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். கார் சறுக்கிக்கொண்டே சென்று, சாலையோரப் பள்ளத்திற்கு ஓரடி முன்னால் நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால், மகளின் கைகள் நடுங்கின. புழுதி அடங்கும்வரை யாரும் பேசவில்லை.

எதிரே வந்த முதியவர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தார். “சரளைக்கல் உருளும்; சக்கரத்திற்குப் பிடிப்புக் கிடைக்காது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவில் திடீரென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். நான் ஐம்பது ஆண்டுகளாக இங்கே ஓட்டுகிறேன். இன்றும் இந்தச் சாலையில் மெதுவாகத்தான் போகிறேன்” என்றார்.

தந்தை மகளைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும், அம்மா” என்றார்.

அனுபவம் நல்ல துணைதான். ஆனால், அவருடைய அனுபவம் பழகிய சாலைகளில் கிடைத்தது. புதிய சாலையில் இருபது ஆண்டு ஓட்டுநரும் மாணவரே.

திரும்பும் வழியில் கார் நிதானமாகச் சென்றது. பின்னால் வாகனங்கள் வந்தபோது, அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். மகள் மீண்டும் பலகைகளைப் படிக்கத் தொடங்கினாள். இம்முறை அவர் காது கொடுத்துக் கேட்டார்.