தொட்டால் குறைகிற சத்தம்

எனக்கு இருபது வயதில் மைக்கில் ஷாக் அடித்தது. கல்லூரிக் கலைவிழா. தோளில் எலக்ட்ரிக் கிட்டார், இடது கை கம்பிகளின் மேல். பாடுவதற்காக மைக்கை நெருங்கினேன். உதடு பட்டதும் பல்லில் தொடங்கிப் பின்மண்டை வரை பளீரென்று ஒன்று ஓடியது. அப்படியே பின்னால் விழுந்தேன். கீழே ஒரே சிரிப்பு. விழாவை நடத்தியவர் மைக்கை வாங்கி, "பொண்ணு பயந்துருச்சு, கைதட்டி அனுப்புங்க" என்றார்.

எனக்குப் பிறகு மேடையேறிய பையன்கள் குழு நன்றாகவே வாசித்துவிட்டு இறங்கியது. "அவனுங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று விடுதியில் கேட்டார்கள். அவர்களில் பாடியவன் கையில் கிட்டார் இல்லை, கிட்டார் வாசித்தவன் மைக் பக்கமே போகவில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் என்பதைச் சொல்லத்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று எல்லாரும் சொன்னதை நானும் நம்பி, பன்னிரண்டு வருடம் அந்தப் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை.

2020-ல் பெங்களூரு அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் கொல்லிமலைக்கு வந்துவிட்டேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. துணிமூட்டையோடு கிட்டாரும் வந்தது. வீட்டில் அம்மா மட்டும். கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, இரண்டு பலாமரம். ஒரு சாயங்காலம், ஏன் என்று தெரியாமலே, பையைத் திறந்து சின்ன ஆம்ப் ஒன்றில் செருகினேன். கம்பியைத் தொடுவதற்கு முன்பே 'உர்ர்ர்' என்றது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பாப்பா, தேன்பொட்டிக்குள்ள தலைய விட்டாப்புல இருக்குது?"

அது ஒரு சுருதியான இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. 50 ஹெர்ட்ஸ் என்பது தாழ்ந்த ஜி ஸ்வரத்துக்குச் சற்று மேலே நிற்கும். அமெரிக்காவில் 60 சுற்று என்பதால் அங்கே இரைச்சல் பி-யை ஒட்டி இருக்கும். ஆக, என் வீட்டில் யாரும் கேட்காமலே நாள் முழுக்க ஜி-யில் ஒரு தம்புரா ஓடிக்கொண்டிருந்தது.

"பொம்பளைங்க ரெண்டு பேரு இருக்கிற வூட்ல இம்புட்டு சத்தம் எதுக்கு?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா கேட்டார். இந்த மலையின் பெயரைச் சொன்னாலே இலக்கியம் படித்தவர்களுக்குக் கொல்லிப்பாவை ஞாபகம் வரும். சிரித்தே ஆளைச் சாய்க்கும் பாவை. பெண் சிரித்தாலே அந்தப் பாடு என்றால் ஆம்ப் வைத்து வாசித்தால் என்ன சொல்ல மாட்டார்கள்!

இரைச்சல் போக வேண்டுமென்றால் ஹம்பக்கர் போடு என்பார்கள். பெயரிலேயே அது இருக்கிறது: 'ஹம்' என்பது அந்த உறுமல், 'பக்' என்றால் எதிர்த்து முட்டுவது. சாதாரண பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரே சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குக் கிட்டார் கம்பி எது, பக்கத்து அறை ஸ்டெபிலைசர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அனுப்பிவிடும். ஹம்பக்கரில் சுருள் இரண்டு. ஒன்றின் காந்தம் வடக்கு நோக்கினால் மற்றதன் காந்தம் தெற்கு. இணைப்பும் ஒன்றுக்கொன்று தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தோடு வேலையில்லை. அதனால் தலைகீழ் இணைப்பில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழிந்துபோகும். கிட்டார் கம்பியின் ஒலியோ காந்தத்தால் ஒருமுறை, இணைப்பால் ஒருமுறை என்று இரண்டு தடவை புரண்டு, கடைசியில் ஒன்றோடொன்று கூடிவிடும். கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டார். கிடைத்தது 1959-ல். இடையில் விற்ற பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தச் சீட்டு ஒட்டிய பிக்கப்புக்கு இன்று தங்க விலை.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. கம்பியைத் தொட்டதும் குறைகிற சத்தம் வேறு. தொட்டாலும் குறையாமல், கிட்டாரைப் பிடித்தபடி நாம் திரும்பத் திரும்பக் கூடிக் குறைகிற சத்தம் வேறு. இரண்டாவதுக்குத்தான் ஹம்பக்கர். முதலாவதுக்கு எர்த்தைப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் குறைந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிட்டாரின் கம்பிகள் எல்லாமே பிரிட்ஜ் வழியாக, ஒயர் வழியாக, ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. ஆம்ப்புக்கு எர்த் இல்லாவிட்டால் உள்ளே கசிகிற மின்சாரம் நேராகக் கம்பிக்கு வந்து நிற்கும். மைக் இருப்பது வேறு சாக்கெட்டில், வேறு எர்த்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை, ஒரு உதடு. ஸ்காட்லாந்தின் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவில் கிட்டார் வாசித்த லெஸ் ஹார்வி 1972-ல் இப்படித்தான், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதாகப் படிக்கவில்லை.

எலக்ட்ரீஷியனை அழைத்து, மூன்று ஊசி பிளக்கின் பெரிய ஓட்டையைக் காட்டினேன். "அதுக்குப் பின்னால ஒயர் இல்லீங்க, சும்மா ஓட்டை" என்றார், ஏதோ எல்லார் வீட்டு வழக்கம்போல. வீட்டுக்குப் பின்னால் நானும் அம்மாவும் குழி வெட்டினோம். பாறை மண், மூன்று நாள் ஆனது. குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். அவர் ஒயர் இழுத்துக் கொடுத்தார். பாதி உறுமல் அன்றைக்கே போய்விட்டது. மீதிப் பாதிக்குத்தான் சென்னைக்குப் போனேன்.

துணைக்குச் சித்தப்பா மகன் வந்தான். பி.காம். படிக்கிறான், கிட்டாரைப் பிடிக்கவே தெரியாது. கடைக்காரர் அவனைப் பார்த்துத்தான் பேசினார். "சார், அவங்களுக்குன்னா அவுட்புட் கம்மியா, சாஃப்ட்டா ஒண்ணு போட்டுக்கலாம். ஹைகெய்ன் எல்லாம் அவங்களுக்கு வேஸ்ட்." தம்பி என்னைப் பார்த்தான். நான் இருப்பதிலேயே உரத்த பிக்கப்பைக் கேட்டேன். செராமிக் காந்தம், 16 கிலோ ஓமுக்குப் பக்கம். வாசித்தேன். சுவர் இடிந்து விழுகிற மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது, சந்தோஷத்தைவிட அவர் முகத்தைப் பார்ப்பதில் திருப்தியாக இருந்தது. அதையே வாங்கியிருப்பேன். தம்பிதான், "அக்கா, அந்தப் பழசு மாதிரி இருக்கிறதையும் ஒருக்கா வாசியேன்" என்றான்.

அல்னிகோ 5 காந்தம், எட்டு கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு, ஐம்பதுகளின் பிக்கப்பைப் போலச் சுற்றியது. மெல்லத் தொட்டால் மெல்லப் பேசியது, ஓங்கி அடித்தால் உறுமியது. உரத்த பிக்கப்பில் நான் எப்படி அடித்தாலும் ஒரே உறுமல்தான் வந்தது. ஓம் கணக்கு அதிகமானால் சுற்று அதிகம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் சுற்று கூடக்கூட மேல்ஸ்தாயியின் கூர்மை மழுங்கும். சத்தத்தையும் சிதைவையும் ஆம்ப்பிலும் பெடலிலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். விரலின் வித்தியாசத்தைப் பிக்கப் தொலைத்துவிட்டால் பிறகு எதைக்கொண்டும் ஏற்ற முடியாது.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் சொன்னதையா வாங்குவது? பெண்ணுக்கு மென்மைதான் பொருந்தும் என்று நாளைக்கு இன்னொருத்தியிடம் என்னையே உதாரணம் காட்டுவாரே! அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். சகோதரி ரொசெட்டா தார்ப் 1964-ல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ரயில் நிலைய நடைமேடையில் நின்று வெள்ளை கிட்டார் வாசிக்கும் வீடியோ ஞாபகம் வந்தது. அந்தக் கிட்டாரில் மூன்று ஹம்பக்கர். எல்லாம் இந்தப் பழைய, குறைந்த அவுட்புட் ஜாதிதான். அந்த அம்மாள் வாசிப்பதை யாரும் சாஃப்ட் என்று சொல்லிவிட முடியாது. பழசையே வாங்கினேன். பில் போடும்போது கடைக்காரர் தம்பியிடம், "நான் சொன்னேன்ல சார்?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

பஸ்ஸில் ஃபோனில் தேடியபோது தெரிந்தது, இந்தச் சுருள்களைச் சுற்றியவர்களில் நிறையப் பேர் பெண்கள். அபிகாய்ல் இபாரா 1956-ல் ஃபெண்டரில் வேலைக்குச் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் பிக்கப் சுற்றியிருக்கிறார். செமூர் டங்கன் நிறுவனத்தின் தனிப்பட்ட ஆர்டர் பிரிவை நடத்தியவர் மாரிசெலா ஹுவாரெஸ். முடியைவிட மெல்லிய கம்பி அறுந்துபோகாமல் விரலில் இழுவையை உணர்ந்துகொண்டே சுற்ற வேண்டிய வேலை அது. கடையில் கண்ணாடிக்குள் இருந்த பெட்டிகளில் பாதியாவது யாரோ ஒரு பெண் கைப்பட்டு வந்திருக்கும்.

மாட்டுவது லேசாக இல்லை. என் கிட்டார் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த ரகம். நல்லவேளையாக உள்ளே மரத்தை அகலமாகவே குடைந்திருந்தார்கள். மேல் பிளாஸ்டிக்கை மட்டும் ஹாக்ஸா பிளேடால் அறுத்து அரம் போட்டேன். வால்யூமுக்கு இருந்த 250 கே பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றி 500 கே போட்டேன். பழையதை விட்டிருந்தால் ஹம்பக்கரின் ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். கம்பிகளுக்கு நேராகக் காந்த முனைகள் நிற்கவில்லை, இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே. இந்த ரகக் கிட்டாருக்கென்று அகலமாகச் செய்வதை வாங்கியிருக்க வேண்டும். கடையில் இதை யோசிக்கவில்லை, என் தப்பு. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

செருகினேன். அமைதி. வாசலில் கோழி கிளறுவது கேட்டது. ஓங்கி ஒரு கார்டு அடித்தேன். பெரியப்பா தோட்டத்து நாய் குரைத்தது.

வால்யூமை முழுக்கத் திருப்பியதும் 'கீ' என்று கத்தியது. பழைய காலத்துச் சுற்று என்பதால் மெழுகேற்றாமல் விற்றிருக்கிறார்கள். சுருளின் தளர்ந்த சுற்றுகள் தாமே அதிர்ந்து கத்துகின்றன. பாரஃபினோடு தேன்மெழுகு கொஞ்சம் கலந்து உருக்கி, அதில் பிக்கப்பை முக்க வேண்டும். 65 டிகிரிக்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். தேன்மெழுகுக்குக் கொல்லிமலையில் யாரைக் கேட்க வேண்டும்? அம்மா தேன் பிழிந்த அடையை உருக்கி வைத்திருந்த உருண்டையைக் கொண்டுவந்தாள். குண்டானில் வெந்நீர், அதற்குள் மெழுகுக் கிண்ணம். நான் தெர்மாமீட்டரைப் பிடித்தேன், அம்மா விறகை முன்னே பின்னே இழுத்தாள்.

இரண்டு சுருளிலிருந்தும் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் வந்துகொண்டே இருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். இருபது நிமிடம் கழித்துக் குமிழ் நின்றது. எடுத்துத் துணியால் துடைத்தேன்.

"கிட்டார்ல இன்னும் ரெண்டு இருக்குதில்ல?" என்றாள். "அதையும் கழட்டிட்டு வா. மெழுகு மிச்சமிருக்குது."