பரண்ல வெந்த பிரெஞ்சு திராட்சை

எங்க அப்பிச்சி தொண்டாமுத்தூர்ல முப்பது வருசம் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவர். திராட்சையோடயே வாழ்ந்த மனுசன், ஆனா ஒயினை ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை.

2024 கடைசியில ஆபீஸ் வேலையா பாரிஸ் போனப்ப ரெண்டு பாட்டில் போர்தோ சிவப்பு ஒயின் வாங்கியாந்தேன் (ரெண்டு லிட்டர் வரைக்கும் கஸ்டம்ஸ்ல வரி கிடையாது மக்களே). மெர்லோவும் கேபர்னே சாவின்யோனும் கலந்தது, 2022 அறுவடை. அந்தக் கோடையில அங்கே சரியான வெயில், மழையும் இல்லை. ஜூலையில போர்தோ பக்கத்துக் காடுகளே பத்தி எரிஞ்சுது. வெயில் ஏறினா பழத்துல சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தச் சர்க்கரைதான் நொதிச்சு ஆல்கஹால் ஆகுது. என் பாட்டில்ல 14.5%! சூடு கூடிட்டே போறதாலதான் 2021ல போர்தோக்காரங்க சில புது ரகங்களையும் 10% வரைக்கும் கலந்துக்க அனுமதி வாங்கினாங்க.

"அஞ்சு வருசம் வைங்க, துவர்ப்பு அடங்கி மெத்துன்னு ஆகும்"னு கடைக்காரர் சொன்னார். இருட்டா இருக்கணும், 12-14 டிகிரி இருக்கணும், கார்க் காயாம படுக்க வைக்கணும். ஒண்ணை குன்னூர்ல நண்பன் வீட்டுல வெச்சேன். இன்னொண்ணை அம்மா கண்ணுல படாம அப்பிச்சி வீட்டுப் பரண்ல ஒளிச்சேன். இருட்டு இருந்துச்சு, படுக்கவும் வெச்சாச்சு. மேல ஓடு, அதுக்கு மேல கோவை ஏப்ரல் வெயில்ங்கறதை மட்டும் இந்த இஞ்சினியர் மூளை யோசிக்கலை :-(

2025 மே மாசம், "பரண்ல என்ன கண்ணு ஒழுகுது?"ன்னார் அப்பிச்சி. கார்க் மேல தள்ளி, கழுத்தெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. திறந்தா வேகவெச்ச பேரீச்சம்பழ வாசம். உண்மையைச் சொல்லிட்டேன்.

மோந்து பாத்துட்டுச் சொன்னார்: "கொடில இருக்கறப்ப வெயில் அடிச்சா வேரு தண்ணி குடுக்கும் சாமி. பறிச்சதுக்கப்புறம் வெயில்ல போட்டா யாரு குடுப்பா?"

நான் படிச்ச அத்தனை கட்டுரையும் இந்த ரெண்டு வரிக்குள்ள அடங்கிருச்சு.

"இன்னொண்ணு குன்னூர்ல பத்திரமா இருக்குதுங்க அப்பிச்சி. 2029ல திறக்கலாம்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "எனக்கு இப்பவே எம்பத்திநாலு"ன்னு சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

அந்த சனிக்கிழமையே குன்னூர் பஸ் ஏறி, ஈரத்துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டு எவர்சில்வர் டம்ளர். நாவப்பழமும் மிளகும் கலந்த மாதிரி வாசம். குடிச்சா ஈறு வரைக்கும் இழுத்துப் பிடிக்குது.

"கொட்டையக் கடிச்சாப்ல இருக்குது"ன்னார். துவர்ப்பு தோல்லயும் கொட்டையிலயும் இருந்துதான் வருதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை.

"நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது. ஆனா அவசரப்பட்டுட்ட கண்ணு. இன்னும் நாலு வருசம் விட்டிருக்கோணும்."

சொல்லிட்டு டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். பரண் ஒயினைக் கெடுக்கும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.