திருவிழாவும் துப்பறிவோனும்

துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்பவன் என்று சொல்லிக்கொள்வது நமது இலக்கிய வட்டாரங்களில் இன்னும் சற்றுக் கூச்சத்துக்குரிய காரியமாகவே இருந்து வருகிறது. கொலையும் களவும் மலிந்த கதைகள் மக்களை மயக்கத்தில் ஆழ்த்துவன. உழைக்கும் மனிதனுடைய கவனத்தை அவனுடைய உண்மையான எதிரியிடமிருந்து திருப்பிவிடுவன என்பது நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் குற்றச்சாட்டு. அதிலே உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீவுப்பகுதியில் ஆசிரியத் தொழில் பார்க்கும் என் போன்றவனுக்குக் குறிகட்டுவான் துறையில் லோஞ்சுக்குக் காத்திருக்கும் நேரங்களில் துணையாக இருந்தவை பெரும்பாலும் இத்தகைய கதைகளே. முன்பு அவை புத்தகங்களாக இருந்தன. இப்போது கைத்தொலைபேசியில் நாடகத் தொடர்களாக வருகின்றன. ஆகவே ரசிகன் என்ற முறையிலேயே இங்கு பேசுகிறேன்.

இவ்வகைக் கதைகளிலும் திருநாட் காலத்துக் குற்றக் கதைகள் மீது எனக்குத் தனி விருப்பம் உண்டு. ஊர் முழுவதும் மகிழ்ந்திருக்கும் நாளில் ஒரு மனிதன் கொலையுண்டு கிடப்பது கதாசிரியனுக்குச் சுலபமான உத்திதான். எனினும் அந்த நாளில் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பொய் எதுவோ அது வெளிப்பட்டுவிடுகிறது. இன்று எல்லோரும் ஒன்று, இன்று எல்லோருக்கும் மன்னிப்பு என்று சொல்லப்படும் அந்த வேளையில், யார் அந்த 'எல்லோருக்குள்' சேரவில்லை என்பதைக் குற்றம் காட்டிக் கொடுக்கிறது.

ஆங்கிலேயரிடம் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. கோனன் டாயில் 1892 ஜனவரியில் வெளியிட்ட நீலக்கல் கதையை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் வாத்தின் தொண்டைக்குள் ஒரு சீமாட்டியின் மாணிக்கம் அகப்படுகிறது. திருடியவன் ஓர் ஆடம்பர ஹோட்டலின் தலைமைப் பணியாளன். அவன் ஷெர்லக் ஹோம்ஸின் காலில் விழுந்து அழுகிறான். இது மன்னிக்கும் காலம் என்று கூறி ஹோம்ஸ் அவனைப் போகவிடுகிறார். படிக்கும்போது நெஞ்சு இளகத்தான் செய்கிறது. ஆனால் அதே கதையில் ஹோர்னர் என்ற குழாய்த் தொழிலாளி ஒருவன் இருக்கிறானே, அவனை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? முன்பு ஒருமுறை தண்டனை பெற்றவன் என்பதாலேயே அவன் மீது பழி சுமத்துவது எளிதாயிற்று. திருடன் கண்ணீர் விட்டு வெளியேறும் அந்த இரவில் அவன் சிறைக்கூடத்தில் கிடக்கிறான். சாட்சி இல்லாமற் போனால் வழக்குத் தானாக விழுந்துவிடும் என்று ஹோம்ஸ் ஒரு வரியில் அவனுடைய விவகாரத்தை முடித்துவிடுகிறார். அவன் விடுதலையாகி வீடு சென்ற காட்சியை டாயில் எழுதவே இல்லை.

அதே ஹோம்ஸை வைத்துப் பி.பி.சி. தயாரித்த தொடரின் புத்தாண்டுச் சிறப்பு அத்தியாயம் 2016 ஜனவரி முதல் தேதி ஒளிபரப்பாயிற்று. மணப்பெண் கோலத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்த ஒருத்தி மீண்டும் வந்து ஆண்களைக் கொல்கிறாள் என்பது கதை. அவள் பேயும் அல்லள், தனி ஒருத்தியும் அல்லள். வீட்டிலும் சபையிலும் குரல் மறுக்கப்பட்ட பெண்கள் பலர் இரகசியமாகக் கூடி நடத்திய காரியம் அது என்று முடிவில் தெரியவருகிறது. அருமையான எண்ணம்! ஆனால் அந்த எண்ணத்தை எடுத்துச் சொல்வது யார்? முகமூடி அணிந்த அத்தனை பெண்களும் வரிசையாக நிற்க, அவர்களுடைய துயரத்தை அவர்களுக்கே விளக்கிச் சொற்பொழிவு ஆற்றுகிறார் ஹோம்ஸ். நடிப்பையும் காட்சி அமைப்பையும் நான் ரசித்தேன். அந்தச் சொற்பொழிவை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. தம் வாயால் பேசுவதற்காகவே கொலை வரை சென்றவர்களை மீண்டும் ஊமைகளாக்கி நிறுத்திவிட்டார்கள்.

ஆங்கிலேயருடைய கிறிஸ்துமஸ் குளிர்காலத்துத் திருநாள். கதவுகள் சாத்தப்பட்டிருக்கும், குடும்பத்தார் கணப்பைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள், அவர்களுள் ஒருவனே கொலைகாரனாக இருப்பான். நம்முடைய திருவிழாவோ தெருவில் நடப்பது. வீடு பூட்டிக் கிடக்கும், ஊர் வீதியில் இருக்கும். இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்து தமிழில் எடுக்கப்பட்ட தொடராக நான் கருதுவது புஷ்கர்–காயத்ரி எழுதிய 'சுழல்'. அதன் முதற் பாகம் 2022 ஜூனிலும் இரண்டாம் பாகம் 2025 பெப்ரவரியிலும் வெளிவந்தன. இரண்டுமே திருவிழா நாட்களுக்குள் நடப்பவை.

முதற் பாகத்தின் களம் சாம்பலூர் என்ற கற்பனை ஊர். அங்கே ஒரு சீமெந்துத் தொழிற்சாலை. அதில் வேலை நிறுத்தம். பார்த்திபன் நடிக்கும் சண்முகம் தொழிற்சங்கத் தலைவன். மயானக்கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கும் இரவில் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். யாழ்ப்பாணத்தவனுக்குச் சீமெந்துத் தொழிற்சாலை என்றால் காங்கேசன்துறைதான். 1950இல் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டு, 1990இல் யுத்தத்தால் மூடுண்ட ஆலை அது. திரையில் அந்தப் புகைபோக்கியைக் கண்டதும் எனக்குக் கதையில் பாதி நம்பிக்கை வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மயானக்கொள்ளை நம் தீவுகளில் இல்லாத வழக்கம். தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில், மாசி மாதத்துச் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில், அங்காளம்மன் கோயில்களில் அது நடக்கிறது; விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அதற்குப் பெயர் பெற்ற தலம். ஆண்கள் காளி வேடமிட்டு, பறையும் உடுக்கும் முழங்க, சுடுகாடு நோக்கி ஆவேசத்தோடு செல்கிறார்கள். இந்தக் கூட்டத்தை வண்ணக் காட்சியாக மட்டும் பயன்படுத்தியிருந்தால் 'சுழல்' பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ஆனால் அதன் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். ஊர் முழுவதும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொள்ளும் நாட்களில்தான் பொலிஸாரால் யாரையும் அடையாளம் காண முடிவதில்லை. அநீதியைக் கண்டு பொங்கியெழும் பெண் தெய்வத்தை ஆண்கள் ஆடிக்காட்டுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த அநீதியோ வாய் திறவாமல் கிடக்கிறது. தேடல் நாடு முழுவதும் சுற்றி வந்து கடைசியில் அந்தப் பெண்ணின் சொந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. குற்றவாளி அந்நியன் அல்லன். குழந்தைப் பருவத்திலிருந்து அவளைத் தூக்கி வளர்த்த உறவினன். இந்த இடத்தில் தொடர் காட்டும் துணிவுக்காக அதன் மற்றக் குறைகளை மன்னிக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதன்மையானது, அந்த வேலை நிறுத்தம் என்னவாயிற்று என்பது. தொடக்கத்தில் ஆலைவாயிலில் கொடியும் கோஷமுமாக நிற்கும் தொழிலாளர்கள், கதை நகர நகரச் சந்தேகத்தைக் கூட்டுவதற்கான கருவிகளாகச் சுருங்கி, பின்பு பார்வையிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்ட கூலி கிடைத்ததா? யாருக்கும் கவலையில்லை. சங்கத் தலைவன் தகப்பனாக மாறியதும் சங்கம் கலைந்துவிட்டது போலும்! ஒரு மனிதன் ஒரே சமயத்தில் தகப்பனாகவும் தலைவனாகவும் துன்பப்பட முடியும் என்பது கதாசிரியர்களுக்குத் தோன்றவில்லை. பார்த்திபனுடைய முகத்தில் அது தெரிகிறது, எழுத்தில் தெரியவில்லை. இன்னொன்று: மூத்த மகள் நந்தினி தன் கையாலேயே தண்டனை கொடுக்கிறாள். திருவிழாவின் காளி அவள் மேல் இறங்கிவிட்டாள் என்று நாம் கைதட்டுகிறோம். கைதட்டிவிட்டு யோசித்தால், சட்டத்தால் ஆகாததை ஒருத்தி தனியாகச் செய்து, தனியாகவே சிறைக்குப் போகிறாள் என்பதுதான் மிச்சம்.

இரண்டாம் பாகம் இந்தத் தனிமையை உடைக்க முயல்கிறது. களம் காளிபட்டணம் என்ற கடற்கரை ஊர். திருவிழா எட்டுக் காளிகளுடையது. செல்லப்பா என்ற வழக்கறிஞர் கொலையுண்கிறார். எட்டுப் பெண்கள், ஒருத்தியை ஒருத்தி அறியாதவர்கள் போல, ஒவ்வொருவரும் தானே கொன்றதாகச் சொல்கிறார்கள். சட்டம் தேடுவது ஒரு கையை. அதற்கு முன்னே எட்டுக் கைகள் நீட்டப்படுகின்றன. சிறைக்குள் அந்தப் பெண்களும் நந்தினியும் ஒருவரை ஒருவர் காக்கும் காட்சிகளைப் புத்தாண்டு அத்தியாயத்து முகமூடிப் பெண்களின் அருகில் வைத்துப் பார்த்தேன். இவர்கள் மௌனமாக இருக்கும்போது அந்த மௌனமும் இவர்களுடையது. பேசும்போது பேச்சும் இவர்களுடையது. வெளியே நின்று விளக்கவுரை செய்ய ஒரு ஹோம்ஸ் இல்லை. கதிர் நடிக்கும் சக்கரை என்ற சப்-இன்ஸ்பெக்டர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவராகவே இருக்கிறார். துப்பறிவோனுக்குரிய தலையாய குணம் அதுதான் என்பேன். ஆனால் கலைவடிவம் என்ற வகையில் இரண்டாம் பாகம் முதலாவதைவிடத் தளர்ந்தது. பிற்பகுதியில் அடிதடி பெருகி, கதை வழக்கமான சினிமாப் பாதைக்குப் போய்விடுகிறது.

திருவிழாவில் குற்றக்கதை நமக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்து மாரியம்மன் கோயில்களில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த காத்தவராயன் கூத்து வேறு என்ன? உயர்குலத்துப் பெண் ஆரியமாலையை விரும்பிக் கொண்டு சென்றவனை அரசாங்கம் தேடுகிறது, பிடிக்கிறது, கழுவில் ஏற்றுகிறது. குற்றம், தேடல், தண்டனை மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் சனங்கள் அழுவது குற்றவாளிக்காக. சட்டத்தின் பக்கம் நின்று அந்தக் கூத்தைப் பார்த்த ஒருவரையும் நான் கண்டதில்லை. பிற்பாடு அவனைத் தேவகுமாரன் என்று சொல்லிச் சாதிக்கு ஒரு சமாதானம் தேடிக்கொண்டார்கள். அது சீமெந்து ஆலை வேலை நிறுத்தத்தை மறக்கடித்ததற்கு ஒப்பான தந்திரம். திருவிழாக் கூட்டம் எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்பதையும் நாம் எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே செல்லும் உரிமை கேட்டு மக்கள் நின்றது திருவிழாக் காலத்திலேதான்.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் கொடியேறியதும் எங்கள் பகுதியே மாறிவிடும். படகுகள் நிறைந்து வழியும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். ஒலிபெருக்கியில், தாயைத் தவறவிட்ட குழந்தையின் சட்டையின் நிறத்தைச் சொல்லி அறிவிப்பார்கள். சிறிது நேரத்தில் தாய் ஓடிவருவாள். அந்தக் கூட்டத்தில் குழந்தை காணாமற் போவது ஐந்து நிமிடத்துக் கவலை. ஆனால் 2015 மே மாதத்தில், திருவிழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், எங்கள் தீவுகளுள் ஒன்றில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி வீடு திரும்பவில்லை. அவளுடைய பெயரை இங்கு எழுத வேண்டியதில்லை. வடக்கு முழுவதும் கொதித்தெழுந்தது, கடைகள் அடைக்கப்பட்டன, யாழ்ப்பாண நீதிமன்றத்தின் மீது கற்கள் விழுந்தன. 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. துப்பறியும் கதையாக இருந்தால் அந்த இடத்தில் புத்தகத்தை மூடியிருப்போம்.

'சுழல்' முதற் பாகத்தை உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலர் பார்த்துவிட்டு வந்து என்னோடு விவாதித்தார்கள். பையன்கள் முடிவைப் புகழ்ந்தார்கள். நந்தினி செய்தது சரி, எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்றார்கள். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, "சேர், கொன்றதைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம். அவள் சின்னனிலை வாய்திறந்து சொல்லியிருந்தால் ஆர் கேட்டிருப்பினம்?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. 2015இல் வீதியில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அவ்வளவு பேர் ஒன்றாக நின்று குரல் எழுப்பிய அந்த நாட்களில், உயிரோடு இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் 'உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா' என்று கேட்கும் ஏற்பாடு ஒன்றைப் பற்றி நாங்கள் பேசியதாக எனக்கு நினைவில்லை. கோபத்துக்குத் திருவிழாவின் வேகம் இருந்தது. திருவிழாவைப் போலவே அது கலைந்தும் போயிற்று.

அந்த மாணவியும் அவளுடைய தோழிகள் மூவரும் இப்போது தமிழ்த்தினப் போட்டிக்காகக் காத்தவராயன் கதையைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூத்திலே எல்லோரும் ஆரியமாலையைப் பற்றிப் பாடுகிறார்கள், அவள் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் இடம் மிகக் குறைவு என்பது அவர்களுடைய முறைப்பாடு. கழுமரத்தடியில் அவள் அரசனைப் பார்த்துப் பாடுவதாகப் பன்னிரண்டு வரி எழுதி வந்தார்கள். ஊரிலுள்ள வயோதிப அண்ணாவியார் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இருமுறை பாடிப் பார்த்துவிட்டு, பொருள் நன்றாகத்தான் இருக்கிறது பிள்ளையள், ஆனால் நாலாவது வரி மெட்டுக்கு நீளம், எதையாவது குறையுங்கோ என்றார். எந்தச் சொல்லைக் குறைப்பது என்பதில் நால்வருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.