அடையாற்றுக்கு வரும் வடதிசை விருந்தினர்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வாழும் நாம் அடையாற்றுப் பாலத்தைக் கடக்குங்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைதலே வழக்கம். ஆயினும் ஐப்பசி முதல் பங்குனி வரை அந்தச் சேற்றுத் திட்டுகளுக்கு யார் வருகின்றனர் என அறிந்தால், அவ்விடத்தை இழிவாக எண்ணமாட்டோம்.

சென்ற மார்கழியில் ஒருநாட் காலை, நீர் வற்றும் நேரம் பார்த்து, உடைந்த பாலத்தருகே நின்றோம். நரைநிறச் சிறு பறவைகள் சில ஈரச்சேற்றை இடைவிடாது கொத்திக்கொண்டிருந்தன. சில கொசு உள்ளான்கள். எடை முப்பது கிராமைத் தாண்டுவது அரிது. அவற்றினும் சற்றுப் பெரியவை, நுனி வளைந்த அலகுடைய உள்ளான்கள்.

இவ்வளைந்த அலகினவற்றின் பிறப்பிடம் சைபீரியாவின் வடகோடி. அங்குள்ள தைமிர் தீபகற்பம் நம் நகரிலிருந்து நேர்க்கோட்டில் அளப்பினும் 6,500 கிலோமீட்டருக்குக் குறையாது. மரமற்ற அந்நிலத்தில் ஆனி, ஆடியில் பனியுருக, சூரியன் மறையாதிருக்க, கொசுவும் பூச்சியும் பெருகும். அப்பொழுது பாசித்தரையிற் குழி செய்து நான்கு முட்டையிடும். குஞ்சுகள் பொரித்த அன்றே நடந்து தம் இரையைத் தாமே தேடும். ஆண்பறவைகள் முன்னரே தென்திசை புறப்பட்டுவிடும், தாயரும் பின்தொடர்வர். எஞ்சிய இளம்பறவைகள், வழிகாட்ட மூத்தோர் எவருமின்றி, முன்பின் காணாத கடற்கரைகளை நாடிப் பறக்கின்றன! இதனினும் வியக்கத்தக்கது யாதுளது?

இத்துணை நெடும்பயணத்தின் பயன் ஒரு பிடிச் சேற்றில் அடங்கியுள்ளது. ஓதம் ஏறி இறங்குவதனால் அச்சேற்றிற் புழுவும் சிறு நத்தையும் செழிக்கும். நீர் வற்றுங்கால் அவை பறவைகட்கு எட்டும். பங்குனியில் அவை உண்டு சேர்க்கும் கொழுப்பே திரும்பிச் செல்லும் வழிக்குக் கட்டுச்சோறு. ஆற்று நீரோட்டம் குன்றினால் கடல் மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஓதம் நின்று கழிவுநீர் தேங்கினால் விருந்துச்சாலை மூடப்படும்.

மனிதர் கெடுத்ததை மனிதரே திருத்தவுங் கூடும். குப்பையாலும் இடிபாடுகளாலும் தூர்ந்த அடையாற்றுக் கழிமுகத்தின் ஒரு பகுதி, 58 ஏக்கர், மீட்கப்பட்டு 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் முகத்துவாரச் சேற்றுக்குப் பூங்காவின் அழகில்லை. ஆதலின் அதற்காகப் பேசுவோர் சிலரே.

அன்பர்களே, வரும் கார்த்திகையில் ஒரு காலைப்பொழுதை அங்கே கழிப்பீர்களாக. வடதுருவத்தை அடுத்த நாட்டின் உயிர்கள் நம் ஊர்ச் சேற்றை நம்பி வாழ்கின்றன. அந்நம்பிக்கைக்குப் பாத்திரராய் இருத்தல் நம் கடன்.