அனுபவம் உள்ள ஏட்டு தேவை!

‘வாங்க... வாங்க... அனுபவசாலிகளுக்கு முன்னுரிமை. சேர்ந்தால் போனஸ்!’

ஆடித் தள்ளுபடி இல்லை, சாமி. போலீஸ் வேலைக்கான விளம்பரம்!

என்னோடு பி.காம். படித்து, என்னைப் போல எழுதிப் பிழைக்காமல் புத்திசாலித்தனமாக அமெரிக்கா போய்விட்ட நண்பன் ஒருவன், டெக்ஸாஸ் சாலையோரத்தில் ஒரு போர்டைப் பார்த்து, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். அவன் ஊர் ஷெரிப் ஆபீசுக்கு ஆள் தேவையாம். ஏற்கனவே வேறு ஊரில் போலீசாக இருந்தவர் என்றால் சிவப்புக் கம்பளமாம். கையில் ஆயிரக்கணக்கான டாலர் வேறு.

இது 2024 மார்ச்சில். நான் அப்போது அவலூர்பேட்டையில், மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

மாமா ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ. 1982-ல் நெஞ்சளவு டேப்புக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். கிரேடு டூ, கிரேடு ஒன், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. என்று மலைப் படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறி, 2016-ல் 58 வயதில் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஊருக்கு இன்னமும் அவர் ‘ஏட்டய்யா’தான்.

“இன்னாடா மாப்ள, போனைப் பார்த்துச் சிரிக்கிற?”

படித்துக் காட்டினேன்.

“ஷெரிப்புன்னா? கௌபாய் படத்துல சட்டையில நட்சத்திரம் குத்திக்கினு வருவானே, அவனா?”

“அவரேதான் மாமா. நம்ம எஸ்.பி. மாதிரி. ஆனா பெரும்பாலான மாநிலத்துல அவரை ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க. அந்த நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல ஷெரிப்புங்க இருக்காங்க.”

“எஸ்.பி.க்கு ஓட்டா!” மாமா சிரித்த சிரிப்பில் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

நான் விடவில்லை. சென்னையிலேயே 1727-லிருந்து 1998 வரை ஷெரிப் உண்டு. ஆனால் கடைசிக் காலத்தில் பெரிய மனிதர்களை வரவேற்கிற அலங்காரப் பதவி, அவ்வளவுதான் என்றேன். ‘ஷெரிப்’ என்ற சொல்லே பழைய இங்கிலாந்தில் ‘ஷயரின் ரீவ்’, அதாவது சீமைக்கு மணியக்காரர் மாதிரி என்பதையும் எடுத்துவிட்டேன்.

“அப்படிச் சொல்லு! நம்மூர்லயும் மணியக்காரர், தலையாரி எல்லாம் இருந்தாங்களே. 1980-ல எம்.ஜி.ஆர். பரம்பரை மணியம், கர்ணத்தையெல்லாம் எடுத்துட்டாரு. அதுவரைக்கும் களவு போனா மொதல்ல தலையாரியைத்தான் கூப்புடுவாங்க. எவன் வீட்டுல புதுசா ஆட்டுக்கறி வேவுதுன்னு மோப்பம் புடிச்சே சொல்லிடுவான்!”

பிறகு மாமாவின் குறுக்கு விசாரணை ஆரம்பமானது.

“சரி, இந்த ஊர்ப் போலீசு அந்த ஊருக்குத் தாவினா, மறுபடி மொதல்லேர்ந்து ஓடணுமா?”

“முழு டிரெயினிங்கும் வேணாமாம் மாமா. கொஞ்சம் உள்ளூர்ச் சட்டம், கொஞ்சம் துப்பாக்கிப் பரீட்சை. சர்வீசைக் கணக்குல எடுத்துக்கிட்டு சம்பளம் போடறாங்க.”

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஐ.டி. கம்பெனிகளில் ‘லேட்டரல்’ என்று ஆள் எடுக்கிறார்களே, அச்சு அசல் அதேதான். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், ரிலீவிங் ஆர்டர், பழைய கம்பெனி மேனேஜரைத் திட்டாமல் பேசும் இன்டர்வியூ... எல்லாம் நமக்குப் பழகின சங்கதி.

“நம்மூர்ல அதெல்லாம் நடக்காது” என்றார் மாமா.

நியாயம்தான். நம் அரசியல் சட்டத்தில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சித்தூரில் சம்பளம் அதிகம் என்று நம் ஏட்டு ஒருவர் சீனியாரிட்டியை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட முடியாது. சி.பி.ஐ.க்கு டெபுடேஷனில் போகலாம். அது பக்கத்து வீட்டில் ஆட்டுக்கல் இரவல் வாங்குகிற மாதிரி. திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அதற்காக நம் போலீசில் அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எஸ்.ஐ. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, ஏற்கனவே துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்குகிறது. ராத்திரி பாராவில் நின்றபடி, தொப்பிக்கு அடியில் கைடு ஒளித்துப் படிக்கிற இளவட்டக் கான்ஸ்டபிள்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முன்னாள் ராணுவத்தினருக்கு 5 சதவீதம்.

ஆனால் ரிட்டயரான ஏட்டய்யாவுக்கு? ஏ.டி.எம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாமாவுக்கு அதில் உட்கார மனசில்லை. மல்லாட்டைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த போன் வந்தது.

*

தேர்தல் வந்தால் தமிழ்நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. இருக்கிற போலீஸ் எல்லா வாக்குச்சாவடிக்கும் போதாது. அதனால் ஊர்க்காவல் படை, முன்னாள் ராணுவத்தினர், ஓய்வுபெற்ற போலீசார் எல்லோரையும் கூப்பிடுவார்கள். இரண்டு மூன்று நாள் வேலை. டெக்ஸாஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், இதுதான் நம்மூர் ‘அனுபவசாலிகள் தேவை’!

“ஐயா, டூட்டிக்கு வர்றீங்களா?” என்று கேட்டது மறுமுனை.

மாமா ‘வர்றேன்’ என்று சொல்லவில்லை. திண்ணையிலிருந்து எழுந்து நின்று, விறைப்பாக, “யெஸ் சார்!” என்றார். இடுப்பில் லுங்கி. அத்தை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏப்ரல் 18. செஞ்சியில் ஆஜராகி எந்தச் சாவடி என்று தெரிந்துகொள்ள வேண்டும். என் பைக்கின் பின்சீட்டில் மாமா. வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட், பாலீஷ் போட்ட பழைய பூட்ஸ். எங்கள் பக்கம் ஒரு வேடிக்கை... போலீசுக்கும் கலெக்டருக்கும் விழுப்புரம், எம்.பி.க்கு ஓட்டுப் போடுவது ஆரணிக்கு!

செஞ்சி மலைகள் கண்ணில் பட்டதும் மாமா தோளைத் தட்டினார்.

“டேய், அந்தக் காலத்துல இவ்வளவு பெரிய கோட்டைக்கு ஆளை எப்படிடா எடுத்திருப்பான்?”

அனுபவசாலிகளைத்தான். 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். மராட்டியர் தங்கள் கோட்டைகளில் ஹவில்தார், சப்னிஸ், சர்நோபத் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பார்கள். படை ஒருவரிடம், கணக்கு ஒருவரிடம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும், ஒரே ஆள் கோட்டைச் சாவியை எதிரியிடம் நீட்டிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை. (2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் நம்ம செஞ்சியும் ஒன்று. காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளுங்கள்!)

“ஹவில்தாரா? நம்ம ஸ்பெஷல் போலீஸ் பட்டாலியன்ல ஏட்டுக்கு அந்தப் பேருதானேடா!”

“ஆமா மாமா. அப்போ கோட்டைக்கே தலைவர்.”

“பார்த்தியா? எங்களை எங்கேர்ந்து எங்க கொண்டாந்து விட்டுட்டானுங்க!”

*

மறுநாள் 19-ம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையிலேயே என் ஓட்டைப் போட்டுவிட்டு, அத்தை கட்டிக் கொடுத்த கேரியரோடு மாமா இருந்த சாவடிக்குப் போனேன். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். நூறு மீட்டர் கோட்டில் நிற்க வைத்துவிட்டார்கள்.

அங்கேயிருந்து பார்த்தேன். தோளில் துப்பாக்கியோடு வடநாட்டுத் துணை ராணுவ வீரர் ஒருவர். மீசை சரியாக முளைக்காத கான்ஸ்டபிள் ஒருவர். நடுவில், லத்திகூட இல்லாமல் எங்க மாமா.

கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கட்சிப் பையன்களுக்குள் தள்ளுமுள்ளு. சட்டைக் காலர் பிடிபட்டது. வடநாட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். கான்ஸ்டபிள் தம்பி லத்தியைத் தேடினார். மாமா மெதுவாக நடந்து வந்தார்.

“டேய், நீ மேல்மலையனூர் அமாவாசைக்கு பம்பை அடிக்க வருவாரே, அவர் புள்ளதானே? ஒங்கப்பா மூட்டு வலி எப்படிடா இருக்கு?”

அவ்வளவுதான். காலரைப் பிடித்த கை தானாக இறங்கிவிட்டது. மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே எவன் சார் அடிதடி பண்ண முடியும்?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூடுகிற கூட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமா எத்தனையோ அமாவாசை அங்கே பந்தோபஸ்து நின்றவர். எந்த முனையில் குழந்தை தொலையும், எந்தச் சந்தில் செயின் அறுப்பான் என்று விரல் விட்டுச் சொல்வார். எந்த கைடிலும் அச்சடிக்காத பாடம். டெக்ஸாஸ்காரன் டாலர் கொடுத்து வாங்கப் பார்ப்பது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு இன்னொன்றும் பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர், தள்ளாத தாயாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். மாமா விறுவிறுவென்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த மனிதர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். “வேணாம்” என்று சொல்லிவிட்டு, தாயாரைத் தன் தோளில் சாய்த்தபடி வெயிலில் நின்றார். மாமா நாற்காலியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போய்விட்டார்.

*

ராத்திரி பெட்டியெல்லாம் போன பிறகு மாமாவைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் பேச்சில்லை. வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார்.

“அந்த நாற்காலி வேணாம்னு சொன்ன ஆளு யாரு மாமா?”

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்.

“பம்புசெட்டு மோட்டார் களவு கேசு. நான் சின்ன வயசு. ‘மூஞ்சைப் பார்த்தாலே தெரியுது, இவன்தான்’னு நானே சொன்னேன். அப்போ அவனுக்குப் பதினேழு, பதினெட்டு இருக்கும். ராத்திரி பூரா... விடு. பத்து நாள் கழிச்சி வேற ஊர்ல வேற ஒருத்தன் மோட்டாரோட மாட்டினான்.”

“மன்னிப்பு கேட்டீங்களா?”

“டீ வாங்கிக் குடுத்து அனுப்பினோம்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எந்த ஸ்டேஷன் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

“அதுவும் சர்வீசுதாண்டா. மூஞ்சைப் பார்த்துச் சொல்றதும் அனுபவம்னுதான் அன்னிக்கு நெனச்சேன்” என்றார் மாமா.

சென்னை திரும்பியதும் அமெரிக்க சமாச்சாரத்தைத் தேடிப் படித்தேன். 2014 நவம்பரில் கிளீவ்லாண்ட் நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டாமிர் ரைஸ் என்ற பன்னிரண்டு வயசுப் பையனை, வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். அந்தப் போலீஸ்காரர் அதற்கு முன்னால் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் போலீசாக இருந்தவர். ‘இவருக்கு மனப்பக்குவம் போதாது’ என்று அந்த ஊர் மேலதிகாரி பைலில் எழுதியே வைத்திருந்தார். புது ஊரில் வேலைக்கு எடுத்தவர்கள் அந்தப் பைலைப் பிரித்தே பார்க்கவில்லை! விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தார் என்று 2017-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். பையன் போனது போனதுதானே?

நாம் ஒரு கம்பெனியில் சேரும்போது முந்தின கம்பெனிக்கு போன் போட்டு, நான் எத்தனை நாள் லீவு போட்டேன் என்பது வரை விசாரிக்கிறார்கள். லெட்ஜர் எழுதுகிற எனக்கே அந்தக் கதி என்றால், துப்பாக்கி எடுக்கப் போகிறவருக்கு?

மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“மாமா, உங்களை அந்த ஊர் இன்டர்வியூ போர்டுல உட்கார வெச்சா என்ன கேப்பீங்க?”

“ஓட விட மாட்டேன். நெஞ்சளவும் எடுக்க மாட்டேன். ஒரே கேள்விதான். ‘நீ வேலை பார்த்த பழைய ஊருக்கு, யூனிபார்ம் இல்லாம, லுங்கியைக் கட்டிக்கினு தனியா நடந்து போவியா?’ இதான். போவேன்னு சொன்னா, அந்த ஊர்லயே போய் நாலு பேரை விசாரிப்பேன்.”

“நீங்க போவீங்களா மாமா?”

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லாத் தெருவுலயும் போவேன்டா மாப்ள. ஒரே ஒரு தெரு மட்டும்... சுத்திக்கினு போவேன்.”

டெக்ஸாஸ் நண்பன் அடுத்த வாரம் கேட்டிருந்தான்: ‘என்னடா, உங்க மாமா அப்ளிகேஷன் போடறாரா?’

வயசு 66 என்று மட்டும் பதில் அனுப்பினேன்.